ஆளைப் பிடியுங்கள், பாட்காஸ்ட் தானாக வரும்

வரலாறு, பண்பாடு, சிந்தனை சார்ந்து உருப்படியான பாட்காஸ்ட் கேட்க வேண்டும், எப்படித் தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆப்பைத் திறந்தால் அதே பத்துப் பெயர்தான் திரும்பத் திரும்ப வருகிறது என்கிறீர்கள். கூடவே ஒரு குறையும்: நல்லது என்று நினைத்து நண்பர்களுக்கு அனுப்பினால் ஒருவரும் கேட்பதில்லை.

இரண்டுக்கும் என் பதில் கிட்டத்தட்ட ஒன்றுதான். தேடும்போது நிகழ்ச்சியை விட்டுவிட்டு ஆளைத் தேடுங்கள். அனுப்பும்போது நிகழ்ச்சியை விட்டுவிட்டு ஒரே ஒரு எபிசோடை அனுப்புங்கள். இத்தோடு நிறுத்தியும் விடலாம். ஆனால் ஏன் அப்படி என்று தெரிந்தால்தான் கை பழகும்.

ஆப் ஏன் உதவுவதில்லை என்பதிலிருந்து தொடங்குகிறேன். 2004 பிப்ரவரியில் கார்டியன் நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி என்பவர் எழுதிய ஒரு கட்டுரையில், இணையத்தில் புதிதாக முளைத்த இந்தக் குரல் பதிவுகளை என்னவென்று அழைப்பது என்று கேட்டு, போகிற போக்கில் மூன்று பெயர்களை எடுத்துப் போட்டார். அதில் ஒன்று பாட்காஸ்டிங். 2005 ஜூனில் ஆப்பிள் அதை ஐடியூன்ஸில் சேர்த்தபோது பெயர் நிலைத்துவிட்டது. பெயர் புதிதே ஒழிய, உள்ளே இருந்தது ஆர்எஸ்எஸ் (RSS) என்ற பழைய தொழில்நுட்பம், அந்தப் பெயருள்ள அமைப்பு அல்ல. நிகழ்ச்சி நடத்துபவர் ஒலிக்கோப்பை எங்கோ ஒரு சர்வரில் வைக்கிறார். தலைப்பு, தேதி, நான்கு வரி விவரம், கோப்பின் முகவரி ஆகியவற்றை ஒரு எழுத்துப் பட்டியலாக வெளியிடுகிறார். உங்கள் ஆப் அந்தப் பட்டியலைப் படித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

ஆக, நீங்கள் தேடும்போது பெரும்பாலும் துழாவப்படுவது அந்த நான்கு வரி. நாற்பத்தைந்து நிமிடம் என்ன பேசினார்கள் என்பது தேடலுக்குள் வருவதே அபூர்வம். 'ரோம்' என்று அடித்தால் ரோம் என்ற சொல் தலைப்பில் உள்ள அத்தனையும் வந்து கொட்டும்: சுற்றுலாக் குறிப்பு, தூங்கவைக்கும் கதை, வீடியோ கேம் அரட்டை உட்பட. ஆனால் அந்த நான்கு வரியில் யாரும் எழுத மறக்காத ஒன்று இருக்கிறது. விருந்தினரின் பெயர். ஒரு நல்ல அறிஞரின் பெயரைப் போட்டுத் தேடினால், அவரை அழைத்துப் பேசவைக்கத் தோன்றிய நிகழ்ச்சிகள் மட்டும் வரிசையாக வரும். உங்கள் சார்பில் வேறொருவர் ஏற்கெனவே சலித்து வைத்த வேலை அது.

நடைமுறையில் எப்படி என்று ஒரு சங்கிலியைக் காட்டுகிறேன்.

பிபிசி ரேடியோ 4-இல் 'இன் அவர் டைம்' என்று ஒரு நிகழ்ச்சி. 1998 அக்டோபரில் தொடங்கியது. மெல்வின் பிராக் 2025 வரை நடத்தினார், ஆயிரம் எபிசோடுகளைத் தாண்டியது. வடிவம் மாறவே மாறாது: ஒரு பொருள், அந்தப் பொருளிலேயே ஊறிய மூன்று பேராசிரியர்கள், முக்கால் மணி நேரம். இசை கிடையாது, 'இன்று நாம் பார்க்கப்போவது' என்ற பீடிகை கிடையாது. நேராகப் பொருளுக்குள் இறங்குவார் பிராக். பேராசிரியர் யாராவது சுற்றி வளைத்தால் அவர் பொறுமை இழப்பது குரலிலேயே தெரியும். அதைக் கேட்பதே தனிச் சுகம். பாட்காஸ்ட் வடிவத்தில் ஒலிபரப்பு முடிந்த பிறகும் சில நிமிடம் ஓடும். 'எதைச் சொல்ல விட்டுவிட்டோம்?' என்று கேட்பார், மூவரும் இறுக்கம் தளர்ந்து பேசுவார்கள், கடைசியில் தயாரிப்பாளர் உள்ளே வந்து டீயா காபியா என்று கேட்பார். பல தடவை நல்ல விஷயம் அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் வந்து விழும்.

அதில் 2007-இல் இப்ன் சீனா பற்றி ஒரு எபிசோட். மேற்கில் அவிசென்னா என்று சொல்லப்படும் பாரசீக மருத்துவர், தத்துவவாதி. அவருடைய 'மிதக்கும் மனிதன்' கற்பனையை இதுவரை கேள்விப்படாதவர்கள் தேடிப் பிடித்தாவது கேட்க வேண்டும். ஒரு மனிதன் முழு வளர்ச்சியோடு ஒரே கணத்தில் படைக்கப்பட்டு வெற்றிடத்தில் தொங்குகிறான். கண் மூடியிருக்கிறது. எந்த ஒலியும் இல்லை. விரலோடு விரல்கூடத் தொடவில்லை. தனக்கு ஓர் உடம்பு இருப்பதே அவனுக்குத் தெரிய வழியில்லை. அப்போதும் 'நான் இருக்கிறேன்' என்று அவனுக்குத் தெரியுமா? தெரியும் என்கிறார் இப்ன் சீனா. 'சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்' என்று சொன்ன பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட்டுக்கு அறுநூறு வருஷம் முந்தைய சமாசாரம் இது.

அந்த எபிசோடின் மூன்று விருந்தினர்களில் ஒருவர் பீட்டர் ஆடம்சன். கேட்டால் இவர் இன்னும் பேசமாட்டாரா என்று இருக்கும். பெயரைப் போட்டுத் தேடுங்கள். 2010-இல் அவரே தொடங்கிய 'ஹிஸ்டரி ஆஃப் ஃபிலாசஃபி வித்அவுட் எனி கேப்ஸ்' கிடைக்கும். எபிசோடுக்குச் சுமார் இருபது நிமிடம். 'இடைவெளியே இல்லாமல்' என்பதுதான் அவர் பிடிவாதம். அரிஸ்டாட்டிலிலிருந்து டெகார்ட்டுக்கு ஒரே தாவாகத் தாவும் பாடப்புத்தக வழக்கம் அவருக்கு ஆகாது, நடுவில் வந்த அத்தனை பேரையும் நிறுத்தி விசாரித்துவிட்டுத்தான் நகர்வார். உதாரணம் வேண்டுமென்றால் ஒட்டகச்சிவிங்கியையோ ஊமைப்பட நடிகர் பஸ்டர் கீட்டனையோ இழுத்து வருவார். முதலில் அசட்டுத்தனமாகப் படும், முப்பதாவது எபிசோடில் எங்கே இன்னும் ஒட்டகச்சிவிங்கி வரவில்லை என்று காத்திருப்பீர்கள்.

அங்கிருந்து அடுத்த கண்ணி. இந்தியத் தத்துவத்துக்குத் தனித் தொடர் செய்ய ஆடம்சன் சேர்த்துக்கொண்டவர் ஜொனார்தன் கனேரி. ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க வம்சாவளித் தத்துவத்துக்குச் சீக்கே ஜெஃபர்ஸ். தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரை அழைத்துச் செய்கிறார் பாருங்கள், நம்பகமான ஆளுக்கு அதுவே அடையாளம். இப்போது இந்த இரண்டு பெயரையும் தேடுங்கள். நான்கு தேடலில் பாரசீகத்திலிருந்து இந்தியத் தர்க்க மரபான நியாய சாஸ்திரம் வழியாகக் கரீபியன் நாடான ஹைட்டி வரை போய்விடலாம். எந்த ஆப்பும் இந்தப் பாதையை உங்களுக்குப் போட்டுத் தராது.

பேராசிரியர் பெயரெல்லாம் நமக்கு எங்கே தெரியும் என்கிறவர்களுக்கு இன்னும் சுலபமான வழி இருக்கிறது. கடைசியாகப் படித்துப் பிடித்துப்போன வரலாற்று நூலின் ஆசிரியர் பெயரைப் போடுங்கள். நூல் வெளிவரும் மாதங்களில் ஆசிரியர்கள் ஊர்வலம் போவது போலப் பாட்காஸ்ட் பாட்காஸ்டாக ஏறி இறங்குவார்கள். ஒரே நூலைப் பற்றி ஐந்து இடத்தில் பேசியிருப்பார், அந்த ஐந்தில் யார் உண்மையிலேயே நூலைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்கிறார் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அவர்தான் உங்களுக்கான நெறியாளர். நான் சந்தா போட்டு வைத்திருப்பதில் பாதி இப்படி வந்தவை.

இதையே தொழிலாகச் செய்வது 'நியூ புக்ஸ் நெட்வொர்க்'. 2007-இல் மார்ஷல் போ என்ற வரலாற்றாசிரியர் தொடங்கியது. பல்கலைக்கழகப் பதிப்பக நூல்களின் ஆசிரியர்களோடு உரையாடல், துறைவாரியாகத் தனித்தனிச் சேனல்கள், தெற்காசியாவுக்கும் ஒன்று உண்டு. ஒலித்தரம் சில சமயம் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும். பேட்டி எடுப்பவரும் பேராசிரியரே என்பதால் சிலர் கேள்வியை மூன்று நிமிடம் கேட்பார்கள். ஆனாலும் அரிசி வரலாறு, வரைபட வரலாறு, ஏதோ ஒரு துறைமுகத்தின் நூறு வருஷம் என்று வேறெங்கும் கிடைக்காத பொருள்கள் அங்கே கிடைக்கும். முழுச் சந்தா போட்டால் மூழ்கிவிடுவீர்கள். தேடுபொறியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, தரவரிசைப் பட்டியலை ஏன் நம்பக்கூடாது. அந்தப் பட்டியல்கள் இப்போது எது ஓடுகிறது, யார் புதிதாகச் சேர்கிறார்கள் என்பதைக் கணக்கிடுபவை. செய்திக்கு அது சரி. வரலாற்றுக்கு? முடிந்துபோன தொடர் அந்தப் பட்டியலில் எட்டிக்கூடப் பார்க்காது. இந்தத் துறையின் பொக்கிஷங்களோ பெரும்பாலும் முடிந்துபோன தொடர்களில்தான் இருக்கின்றன. மைக் டங்கன் 'ஹிஸ்டரி ஆஃப் ரோம்' தொடரை 2007-இல் ஆரம்பித்து 2012-இல் முடித்தார். ரோமை நிறுவியதாகச் சொல்லப்படும் ரோமுலஸ் கதையிலிருந்து மேற்கு ரோமப் பேரரசு விழுவது வரை ஒற்றை ஆளாகச் சொல்லி முடித்த சாதனை. அவர் நிறுத்திய இடத்திலிருந்து கிழக்குப் பேரரசின் கதையை எடுத்துக்கொண்டு ராபின் பியர்சன் என்ற ரசிகர் 'ஹிஸ்டரி ஆஃப் பைசான்டியம்' தொடங்கினார். குருவின் பாணியை அப்படியே வரித்துக்கொண்ட சீடப்பிள்ளை.

ரோம் தொடரில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். ஒன்றாம் எபிசோடிலிருந்து வரிசையாகக் கேட்கப் போனேன். ஆரம்ப எபிசோடுகளின் ஒலிப்பதிவு சுமார் ரகம், சொல்பவருக்கும் இன்னும் தொண்டை திறக்கவில்லை. மூன்றோடு மூடிவிட்டேன். வருஷங்கள் கழித்து நண்பர் ஒருவர் பேரரசர் டயோக்ளீஷியன் காலத்திலிருந்து கேள் என்றார். விழுந்துவிட்டேன், பிறகு நானாகவே பின்னோக்கிப் போனேன். எந்தப் பழைய தொடரையும் முதல் எபிசோடிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. சொல்பவர் சூடு பிடித்த இடத்தில் ஏறிக்கொள்ளலாம்.

டங்கனின் அடுத்த தொடர் 'ரெவல்யூஷன்ஸ்'. 2013 முதல் 2022 வரை பத்துப் புரட்சிகளை எடுத்துக்கொண்டார். ரஷ்யப் புரட்சிக்கு மட்டும் நூறு எபிசோடுக்கு மேல், அதற்குத் தனிப் பிறவி வேண்டும். நான் எல்லோருக்கும் சொல்வது நான்காவது பகுதி, ஹைட்டி. பத்தொன்பதே எபிசோட். 1791-இல் கரும்புத் தோட்ட அடிமைகள் கிளர்ந்தெழுந்து, பிரெஞ்சு, ஸ்பானிய, பிரிட்டிஷ் படைகளோடு மோதி, 1804-இல் தனி நாடு ஆனார்கள். பள்ளியில் பிரெஞ்சுப் புரட்சியைப் பக்கம் பக்கமாகப் படித்த எனக்கு இதைப் பற்றி ஒரு வரிகூடத் தெரிந்திருக்கவில்லை. அந்தக் கிளர்ச்சியின் தலைவர் டூசான் லுவெர்ச்சூர் என்ற பெயரே அதில்தான் அறிமுகம்.

நம்பகத்தன்மை பற்றிக் கேட்கவில்லை நீங்கள், ஆனால் கேட்டிருக்க வேண்டும். காதுக்கு இனிமையாகச் சொல்கிறவர் எல்லாம் சரியாகச் சொல்கிறவர் அல்லர். 'ஹார்ட்கோர் ஹிஸ்டரி' டான் கார்லின் ஆரம்பம் முதலே நான் வரலாற்றாசிரியன் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் கதை சொல்கிறார். முதல் உலகப்போர் பற்றிய அவரது ஆறு பாகமும் சேர்ந்து இருபது மணி நேரத்தைத் தாண்டும். பதுங்குகுழிச் சேற்றை அப்படி யாரும் காதுக்குள் கொண்டுவந்ததில்லை. அதை நான் கதையாகக் கேட்கிறேன், அதில் வரும் எண்ணிக்கையையோ தீர்ப்பையோ வேறிடத்தில் சரிபார்க்காமல் யாரிடமும் சொல்வதில்லை. பிற்பாடு அதே காலகட்டத்தைப் பற்றி மூன்று பேராசிரியர்கள் சண்டை போடும் ஒரு மணி நேரம் கேட்டால் சமநிலை வந்துவிடும்.

நான் காது கொடுத்துக் கவனிப்பது ஒன்றைத்தான்: 'இது பற்றி நமக்குச் சரியாகத் தெரியவில்லை' என்றோ, 'இதில் இரண்டு கருத்து உண்டு' என்றோ ஒரு எபிசோடில் ஒரு தடவையாவது சொல்கிறாரா? பழைய மன்னன் மனதில் என்ன நினைத்தான் என்பதுவரை தெரிந்த மாதிரிப் பேசுகிறவரிடம் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். போன எபிசோடில் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று திருத்துகிறவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சந்தா போடுவேன்.

இப்போது புதிதாக ஒரு தொல்லை. இயந்திரக் குரலில் இயந்திரமே எழுதிப் படிக்கும் வரலாற்றுத் தொடர்கள் குவிகின்றன. குரல் தேன் மாதிரி இருக்கும். நடத்துபவர் பெயர் எங்கும் இருக்காது, ஒரு நாளைக்கு மூன்று எபிசோட் வரும், எந்த நூலின் பெயரும் வராது. தேதிகளை எல்லாம் ஒரே உறுதியோடு சொல்லும், சரியானதையும் தப்பானதையும். ஆள் பெயர் இல்லையென்றால் தாண்டிப் போய்விடுங்கள். ஆளைத் தேடுங்கள் என்று நான் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

சரி, எங்கே தொடங்குவது என்று கேட்டால் நான் காட்டுவது 2010-இல் பிபிசியும் பிரிட்டிஷ் மியூசியமும் சேர்ந்து செய்த 'எ ஹிஸ்டரி ஆஃப் தி வேர்ல்ட் இன் ஹண்ட்ரட் ஆப்ஜெக்ட்ஸ்'. மியூசியத்தின் அன்றைய இயக்குநர் நீல் மக்ரெகர் நூறு பொருள்களை எடுத்து, பொருளுக்குக் கால் மணி நேரம் பேசுகிறார். யோசித்துப் பார்த்தால் கிறுக்குத்தனமான யோசனை. பார்க்க வேண்டிய பொருளை ரேடியோவில் காட்டுவதாவது! ஆனால் கண்ணுக்குத் தெரியாததால்தான் அது வேலை செய்கிறது. இரண்டாவது எபிசோடில் தான்சானியாவின் ஓல்டுவாய்ப் பள்ளத்தாக்கில் கிடைத்த ஒரு கல் கருவி. ஏறக்குறைய இருபது லட்சம் வருஷப் பழசு. கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தால் அது சாதாரணக் கூழாங்கல், நாம் ஒரு நொடியில் நகர்ந்துவிடுவோம். இங்கே அது கையில் எப்படி உட்காருகிறது, விளிம்பு எங்கே கூர்மையாகிறது, எந்தப் பக்கம் எத்தனை சில்லு பெயர்த்திருக்கிறார்கள் என்று விவரிக்க விவரிக்க, கேட்கிறவர் விரல் தானாக மடங்குகிறது. காதுக்கான வரலாறு எழுதுகிறவர்கள் படிக்க வேண்டிய பாடம் அந்தக் கால் மணி நேரம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வரலாற்றாசிரியர்கள் டாம் ஹாலண்டும் டொமினிக் சாண்ட்புரூக்கும் நடத்தும் 'தி ரெஸ்ட் இஸ் ஹிஸ்டரி' கலகலப்பு, பாத்திரம் கழுவும்போது கேட்க உகந்தது. வில்லியம் டால்ரிம்பிள், அனிதா ஆனந்த் இருவரின் 'எம்பயர்', கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் ஆர்வமுள்ளவர்களுக்கு. பால் கூப்பரின் 'ஃபால் ஆஃப் சிவிலைசேஷன்ஸ்' மூன்று மணி நேரம்கூடப் போகும், விஜயநகரத்தின் வீழ்ச்சியைச் சொன்ன எபிசோடை ஒரு நீண்ட ரயில் பயணத்துக்கு எடுத்து வையுங்கள். தத்துவம் என்றாலே மிரள்கிறவர்களுக்குக் கால் மணி நேர 'ஃபிலாசஃபி பைட்ஸ்'. மொழிப் பித்து உள்ளவர்களுக்குக் கெவின் ஸ்ட்ரவுட்டின் ஆங்கில மொழி வரலாறு. அதில் ஆங்கிலம் பிறக்கவே பல எபிசோட் ஆகும், அதுதான் அழகு. அமித் வர்மாவின் 'தி சீன் அண்ட் தி அன்சீன்' விருந்தினரின் பிள்ளைப் பருவத்திலிருந்து தொடங்கிப் பல மணி நேரம் போகும். சிலருக்கு உயிர், சிலருக்குக் கொட்டாவி. பிபிசியின் வருடாந்திர ரீத் சொற்பொழிவுகள் 1948-இல் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலில் தொடங்கியவை, பழையவற்றையும் பிபிசி தளத்தில் கேட்கலாம்.

நான் சொன்ன பெயர்கள் ஆங்கிலத்தவை, முறை எந்த மொழிக்கும் பொருந்தும். தமிழில் தேடும்போது பேச்சாளர் பெயரைத் தமிழில் ஒரு தடவை, ஆங்கில எழுத்தில் ஒரு தடவை போடுங்கள். விவரக்குறிப்பை எப்படி எழுதியிருப்பார்கள் என்று சொல்லவே முடியாது. பிரிட்டிஷ் உச்சரிப்பு பிடிபடவில்லை என்றால் பல ஆப்களில் இப்போது எழுத்து வடிவமும் ஓடுகிறது, அதைப் பார்த்துக்கொண்டே முதல் பத்து நிமிடம் கேட்டால் காது பழகிவிடும். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிடுவது அரட்டைக்குச் சரி. மக்ரெகரை அப்படிக் கேட்பது பாவம்.

இனி நண்பர்கள் விவகாரம். 'சூப்பர் பாட்காஸ்ட், கேட்டுப் பார்' என்று நீங்கள் ஒரு தொடரின் இணைப்பை அனுப்பும்போது அவருக்குப் போய்ச் சேர்வது முந்நூறு எபிசோட் கொண்ட ஒரு மலை. எங்கே ஏறுவது? மேலே இருக்கிற புதிய எபிசோடைத் தட்டுவார், அது அவருக்குச் சம்பந்தமில்லாததாக இருக்கும், முடிந்தது கதை. பத்துப் பாட்காஸ்ட் பெயர் கொண்ட பட்டியல் இன்னும் மோசம். பட்டியலைப் பத்திரப்படுத்தி வைப்பதோடு கடமை தீர்ந்துவிடுகிறது. பத்திரப்படுத்தியதை யார் திரும்பத் திறந்தார்கள்?

ஒரு ஆளை மனதில் வையுங்கள். அவர் எப்போது கேட்பார் என்று யோசியுங்கள்: இருபது நிமிட நடையா, இரண்டு மணி நேரப் பயணமா? அந்த நேரத்துக்குள் முடிகிற ஒன்றை எடுங்கள். அவர் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் எதையாவது தொடுகிற எபிசோடாக இருக்கட்டும். ஆரம்பம் இழுக்கும் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், எந்த நிமிடத்தில் விஷயம் வருகிறது என்பதையும் எழுதுங்கள். பிறகு 'கேட்டியா, கேட்டியா' என்று துளைக்காதீர்கள். போர்ப் படங்களாகப் பார்த்துத் தள்ளும் ஒரு நண்பருக்கு மூன்று வருஷமாக டான் கார்லினைப் பற்றிப் புகழ்ந்துகொண்டிருந்தேன், பலிக்கவில்லை. போன வருஷம் வேறொன்றை எடுத்து இப்படி எழுதினேன்:

'நீ அன்னைக்கு நெப்போலியன் தோத்த இடமெல்லாம் சொல்லிட்டு இருந்தியே, அதுல ஒண்ணு விட்டுட்ட. ஹைட்டி. ரெவல்யூஷன்ஸ் தொடர்ல நாலாவது பகுதி, முதல் எபிசோட் மட்டும் கேளு, அரை மணி நேரம்தான். ஆரம்பத்துல அந்தத் தீவுல யார் யாருக்கு மேலங்கிற ஜாதிக் கணக்கு கொஞ்சம் நீளும், பொறுத்துக்கோ, அதுக்கப்புறம் நடக்கிற அத்தனைக்கும் அதுதான் காரணம். பிடிக்கலைன்னா இதைப் பத்திப் பேசவே மாட்டேன்.'

நான்காம் நாள் ராத்திரி பதினொரு மணிக்கு போன் வந்தது. பன்னிரண்டாவது எபிசோடில் இருந்தார். 'டூசானைப் பிடிச்சுக் கொண்டு போயிடுவாங்களா, மாட்டாங்களா? அதை மட்டும் சொல்லு' என்றார். சொல்லவில்லை.